விளக்கெண்ணெய் குடித்த கொடுவாள்

மரத்துக்குள் ரத்தம் ஓடும் என்று நான் நம்பினேன். அரைஞாண் கட்டித் திரிந்த வயதில் அல்ல. கல்யாணமாகி, மீசையை இரண்டு பக்கமும் முறுக்கிவிட்டு, தகப்பன் ஆகப்போகிற சமயத்தில். ஒரு நாள் காலை பல் துலக்குவதற்கு முன் பிடித்த நம்பிக்கை, மதியச் சோற்றுக்குள் விட்டுவிட்டது. ஆனால் இடைப்பட்ட நேரத்தில் சாமிகளிடம் நான் ஒப்புக்கொண்ட வேண்டுதல்களைத் தீர்க்கப் பல வருஷம் ஆயிற்று. பழனியில் மொட்டையடிக்கும் ஒருவருக்கு என் தலையின் மேடுபள்ளமெல்லாம் பழகிவிட்டது.

அதற்கும் முன்னால் வேறொன்றை நம்பியிருந்தேன். மரப்பிடிக்கு எண்ணெய் நல்லது என்றால், நிறைய எண்ணெய் நிறைய நல்லது. இரண்டில் எது பெரிய முட்டாள்தனம் என்று என் மனைவியைக் கேட்டால், "ரெண்டையும் ஒரே ஆளு நம்புனதுதானுங்க" என்பாள்.

எண்பதுகளின் தொடக்கம் அது. நாமகிரிப்பேட்டைக்குப் பக்கத்தில் எங்களுக்குக் கிணற்றுத் தண்ணீரில் கொஞ்சம் மஞ்சள், மேட்டில் சோளமும் கடலையும், வரப்பு நெடுக ஆமணக்கு. வீட்டில் அம்மா, நான், புதிதாக வந்த என் மனைவி. வீட்டின் நாலாவது ஆள் என்று சொல்லத்தக்க ஒரு கொடுவாளும் இருந்தது. மூக்கு வளைந்த வெட்டுக்கத்தி. சோளத்தட்டு வெட்ட, ஆட்டுக்குத் தழை கழிக்க, முள் ஒதுக்க, இளநீர் சீவ எல்லாவற்றுக்கும் அதுதான். வேல மரப்பிடி, கழுத்தில் இரும்புப் பூண்.

கொடுவாளை எடுக்கிறது நான், வைக்கிறது என் மனைவி. நான் எங்கே போட்டாலும் அது சாயங்காலம் கூரை எறவானத்தில் செருகியிருக்கும், மண் துடைத்திருக்கும். அவள் காலையில் தலைக்கு எண்ணெய் வைப்பாள். வைத்து முடித்ததும் உள்ளங்கையில் மினுமினுப்பு கொஞ்சம் மிச்சம் இருக்கும். எல்லாப் பெண்களும் அதை முழங்கையில் தேய்த்துக்கொள்வார்கள். இவள் எறவானத்துக்குக் கையை உயர்த்தி, கொடுவாள் பிடியை ஒரு பிடி பிடித்து, ஒரு திருகு திருகிவிட்டு வேலைக்குப் போவாள். புதுப்பெண் கொடுவாளோடு கைகுலுக்குகிறாள் என்று நான் கேலி செய்வேன். அது எதற்கு என்று ஒரு நாளும் கேட்டதில்லை. பிடி மட்டும் நாவல்பழம் மாதிரி கருத்து, வழவழவென்று, கைக்கு அடக்கமாக இருந்தது. அதைக் கொடுவாளின் பிறவிக்குணம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஏழாம் மாதம் வளையல் போட்டு அவளை எடப்பாடிக்கு, தாய்வீட்டுக்கு, அழைத்துக்கொண்டு போனார்கள். வாசலில் எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றபோது அவள் என் பக்கம் வந்து மெல்லச் சொன்னாள்:

"என்னெ நெனைக்காட்டிப் பரவாயில்லீங்க. அந்தக் கொடுவாளெ வெயில்ல போட்டுப்போடாதீங்க."

அவளை நினைத்தேன். கொடுவாளை வெயிலில் போட்டேன். மழையிலும் போட்டேன். வரப்பில் குத்திவைத்துவிட்டு வந்து இரண்டு நாள் கழித்துத் தேடியிருக்கிறேன். ஐப்பசி நெருங்கும்போது பிடி கருவாட்டு நிறத்துக்கு வெளுத்து, நீளவாக்கில் வெடித்து, தொட்டால் உள்ளங்கையில் சிராய் ஏறியது. பூணும் ஆட்டம் கண்டது. மரம் ஊறினால் இறுகும் என்று மாட்டுத் தொட்டியில் ஒரு ராத்திரி போட்டுவைத்தேன். இறுகத்தான் செய்தது. மறுநாள் வெயில் ஏறினதும், முன்னைவிட அதிகமாக ஆடியது. இதை ஊர் முழுக்கச் செய்கிறார்கள், எல்லார் வீட்டுக் காம்பும் ஆடுகிறது, ஒருவரும் விட்டபாடில்லை.

இந்த நிலைமையில்தான் என் மச்சினன், என் மனைவியின் தம்பி, எடப்பாடியிலிருந்து வந்து சேர்ந்தான். சாப்பிட்டுவிட்டு, ஏப்பம் விட்டுவிட்டு, சரஸ்வதி பூஜை முடிந்த மறுநாள் கொடுவாளை எடுத்துக்கொண்டு வரச் சொன்னார்கள் என்றான்.

எங்கள் இரண்டு வீட்டிலும் ஒரு வழக்கம் உண்டு. தலைப்பிள்ளை பெறுகிறவளின் கட்டிலுக்கு அடியில் காத்துக்கருப்பு அண்டாமல் இரும்பு வைப்பார்கள். அந்த இரும்பு புருஷன் வீட்டிலிருந்து வர வேண்டும். கடையில் வாங்கின புதுசு ஆகாது. அந்த வீட்டில் வேலை செய்த இரும்பாக, அவள் கை பட்டதாக இருக்க வேண்டும். அதாவது, நான் கருவாடாக்கி வைத்திருந்த அதே கொடுவாள்.

மச்சினன் அதை எறவானத்தில் தேடினான். அது கோழிக்கூண்டுக்கு முட்டுக் கொடுத்திருந்தது. எடுத்துப் பார்த்தான். "மச்சான், அக்கா இதெப் பாத்தா, கட்டலுக்கு அடீல உங்களத்தான் வெப்பா" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினான்.

எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. மாமியார் வீட்டில், அத்தனை சொந்தக்காரப் பெண்களுக்கு நடுவில், அந்தப் பிடியை என் மனைவி தடவிப் பார்க்கும் காட்சி கண்முன் வந்தது. அவள் திட்டமாட்டாள். ஒரு பார்வை பார்ப்பாள். திட்டு வாங்கிப் பழகிய முதுகு எனக்கு உண்டு. அந்தப் பார்வைக்கு ஏற்ற உறுப்பு எதுவும் இல்லை.

அப்போதுதான் அவள் எண்ணெய்க் கை ஞாபகம் வந்தது. ஓகோ, எண்ணெய். இவள் தினம் ஒரு துளி காட்டினதில் அப்படி இருந்ததென்றால், விட்டுப்போன இரண்டு மாத எண்ணெயையும் ஒரேயடியாகக் கொடுத்துவிட்டால் எப்படி இருக்கும்? பள்ளிக்கூடத்தில் கணக்கில் நான் வாங்கிய மதிப்பெண்ணை அறிந்தவர்கள் இந்தக் கணக்கைக் கண்டு ஆச்சரியப்பட மாட்டார்கள்.

எங்கள் ஆமணக்கிலேயே காய்ச்சிய விளக்கெண்ணெய் ஒரு ஜாடி நிறைய அலமாரியில் இருந்தது. பிள்ளைபெற்ற வயிற்றுக்கும், பிள்ளையின் நாக்குக்கும் என்று அம்மா பார்த்துப் பார்த்துக் காய்ச்சி, மேலே துணி கட்டி வைத்திருந்தது. அதில் பாதியைப் பெரிய சொம்பில் ஊற்றி, மோட்டார் ரூமுக்கு எடுத்துப்போய், கொடுவாளைத் தலைகீழாக, பூண் முங்கும் வரை இறக்கி வைத்தேன். தினமும் போய்ப் பார்ப்பேன். எண்ணெய் மட்டம் இறங்கியிருக்கும். மரம் குடிக்கக் குடிக்க எனக்குச் சந்தோஷம். சினை மாடு தவிட்டுத்தண்ணி குடிப்பதைப் பார்க்கிறமாதிரி நின்று பார்ப்பேன், மேலும் ஊற்றுவேன்.

பூஜையன்று எடுத்தேன். வெடிப்பெல்லாம் மூடி, கன்னங்கரேலென்று, கனமாக இருந்தது. வேட்டி முனையால் ஒரு துடை துடைத்தேன். கல்யாண மாப்பிள்ளை மாதிரி மின்னியது. நல்லெண்ணம் மட்டும் இருந்து அறிவு இல்லாதவன் அடையும் முழு மகிழ்ச்சியை அன்று அடைந்தேன்.

அம்மா ஏர், மம்முட்டி, களைக்கொத்து, என் சைக்கிள் எல்லாவற்றையும் கழுவி வரிசையாக வைத்துச் சந்தனமும் குங்குமமும் வைத்தார். கொடுவாள் பிடிக்கு வந்ததும் விரலை விரலோடு ஒட்டிப் பார்த்தார். இது என்ன சாமி இப்படிப் பிசுபிசுங்குது என்றார். பூஜைக்காகத் துடைத்து வைத்தேன் என்றேன். நான் ஒரு சாமானைத் துடைத்தேன் என்பதே அவருக்கு அம்மன் வந்து இறங்கினமாதிரி. மனம் குளிர்ந்து அந்தப் பிடிக்கு மட்டும் உருண்டை உருண்டையாக மூன்று பொட்டு அப்பினார். கொடுவாளை ஜன்னலை ஒட்டி, மூக்கு தரையிலும் பிடி மேலேயுமாகச் சுவரில் சாய்த்து வைத்தார். பூஜையில் வைத்ததை மறுநாள் வரை தொடக்கூடாது.

மறுநாள் காலை, அம்மா பால் கறக்கப் போயிருந்தார். ஜன்னல் வழியாக வெயில் நேராகக் கொடுவாள் மேல் விழுந்துகொண்டிருந்தது. வேப்பங்குச்சியோடு உள்ளே வந்த நான் அப்படியே நின்றுவிட்டேன்.

பிடியிலிருந்து ரத்தம் இறங்கிக்கொண்டிருந்தது. பூணைச் சுற்றி வளைந்து, இரும்பின் முதுகில் வழிந்து, மூக்கு நுனியில் திரண்டு, சிமெண்டுத் தரையில் ஒரு கால்ரூபாய் அகலத்துக்குச் சிவப்பாகத் தேங்கியிருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னொரு சொட்டு விழுந்தது.

தைரியசாலிகள் தொட்டுப் பார்த்திருப்பார்கள். நான் வேப்பங்குச்சியை விழுங்கப் பார்த்தேன். என் மண்டையில் ஓடியது ஒன்றுதான்: இது அவள் கட்டிலுக்கு அடியில் போகிற இரும்பு. அவள் கை பட்ட பிடி. இது ரத்தம் விட்டால் அங்கே அவளுக்கு என்னமோ ஆகிவிட்டது, அல்லது ஆகப்போகிறது. எங்கள் ஊரில் தலைப்பிரசவத்துக்குப் போய்த் திரும்பி வராத பெண்களை எனக்குத் தெரியும். கூடப் படித்த ஒருவனுடைய மனைவி போன தையில்தான் போனாள். இதுவரை நான் எதை வைத்தும் சிரித்திருக்கிறேன். அந்த நிமிஷம் மட்டும் இன்றுவரை எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அடுத்த நிமிஷத்திலிருந்து தாராளமாக வருகிறது. அம்மாவிடம் சொன்னால் பயந்துவிடுவார், ஜாடியையும் பார்த்துவிடுவார். இரண்டாவதுதான் பெரிய பயம் என்று இப்போது சொல்லலாம். மாமியார் வீட்டுக்குப் போட்டுக்கொண்டு போக வைத்திருந்த வெள்ளைத் துண்டில் கொடுவாளைச் சுருட்டினேன். தரையைச் சாணியால் மெழுகினேன். சிமெண்டுத் தரையைச் சாணியால் ஏன் மெழுகினாய் என்று அம்மா ரொம்ப நாள் கேட்டுக்கொண்டிருந்தார்.

ராசிபுரம் வழியாகச் சேலம் போகிற பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் இன்னொரு யோசனை வந்தது. ரத்தம் விட்ட இரும்பை அவள் கட்டிலுக்கு அடியில் வைக்கலாமா? வைக்கக்கூடாது. அப்படியானால் ஏன் எடுத்துப் போகிறேன்? எடுத்துப் போகாவிட்டால் வழக்கம் தப்புமே. தூக்கி எறியலாமா? அவள் கொடுவாளாயிற்றே. இதற்கு ஒரே வழி வேண்டுதல். குலதெய்வத்துக்குக் கிடாய் என்றேன். பழனிக்கு நடந்தே வந்து மொட்டை என்றேன். வழியில் தெரிந்த கோயில் கோபுரம் ஒவ்வொன்றுக்கும் ஏதாவது ஒன்று சொன்னேன். சேலம் வருவதற்குள், என் பட்டியில் இருந்த ஆடுகளைவிட நேர்ந்துவிட்ட ஆடுகள் அதிகமாகிவிட்டன.

துண்டில் சிவப்பு ஊறி, உள்ளங்கை அளவாகி, விரிந்துகொண்டே இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பூஜைக்கு மறுநாள்; அவர் நினைத்தது நியாயம்தான்.

"ஏனுங்க, கறிங்களா?"

"இல்லீங்க. கொடுவாளுங்க."

அவர் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிட்டார். அது அவருடைய நிறுத்தம் இல்லை என்பது அவர் இறங்கி நின்று சுற்றுமுற்றும் பார்த்ததில் தெரிந்தது. எனக்கு முன்சீட்டும் பின்சீட்டும் காலியாயின. கண்டக்டர் கடைசிவரை என் பக்கம் வரவில்லை. இறங்கும்போதுதான், டிக்கெட் வாங்கவில்லையே என்று நானாக அவரிடம் போனேன். அவர் காசை வாங்கிக்கொண்டு மெதுவாகச் சொன்னார்:

"அண்ணா, ஆளு யாருன்னு நான் கேக்கலீங்க. நீங்களும் என்னெப் பாத்ததாச் சொல்லாதீங்க."

எடப்பாடி பஸ்ஸில் துண்டை சீட்டுக்கு அடியில் காலால் தள்ளி வைத்தேன். வெயில் ஏற ஏற உள்ளேயிருந்து ஒரு வாடை கிளம்பியது. யாரோ பேதிக்குக் குடித்துவிட்டு பஸ் ஏறிவிட்டார்களாட்டம் இருக்கிறது என்று பின்னாலிருந்த ஓர் அம்மாள் மூக்கைப் பொத்திக்கொண்டார். விளக்கெண்ணெய் வாடை. பஸ்ஸில் எல்லோருக்கும் தெரிந்தது. சொம்புச் சொம்பாக ஊற்றிய எனக்கு மட்டும் அதற்கும் இதற்கும் முடிச்சுப் போடத் தோன்றவில்லை. நான் ரொம்பத் தீவிரமாக ஒரு மாரியம்மனோடு பேசிக்கொண்டிருந்தேன்.

மாமியார் வீட்டுத் தெருவில் திரும்பினேன். வாசல் நிறையப் பெண்கள் செருப்பு. பக்கத்துத் தெருத் தறிச்சத்தம்கூட அன்று கேட்கவில்லை. பூஜைக்கு மறுநாள், தறிக்கு லீவு. அது எனக்கு எங்கே உறைத்தது? தறிகூட நின்றுவிட்டது என்று எடுத்துக்கொண்டேன்.

மாமியார் வெளியே வந்தார். என் முகத்தைப் பார்த்தார், கையிலிருந்த துண்டைப் பார்த்தார், அதில் கொடுவாள் மூக்கு ஒரு பக்கம் நீட்டிக்கொண்டிருப்பதையும் பார்த்தார். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்:

"யாரெ மாப்பிள்ளை?"

அவளுக்கு என்ன ஆச்சு அத்தை என்று நான் கேட்டேன். யாருக்கு என்று அவர் கேட்டார். இப்படி இரண்டு பேரும் மாற்றி மாற்றிக் கேட்டுக்கொண்டிருந்தபோது, உள்ளேயிருந்து கடலைக்காய் உரிக்கிற சத்தம் நின்றது. அக்கம்பக்கத்துப் பெண்கள் விதைக்கடலை உரிக்க வந்திருந்தார்கள். அவர்களுக்கு நடுவிலிருந்து, ஒரு கையைத் தரையில் ஊன்றி, ஒரு கையை இடுப்பில் வைத்து, மெதுவாக எழுந்து என் மனைவி வந்தாள். முழுசாக இருந்தாள். முழுசுக்கும் மேலே இருந்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் என் கண்ணைப் பார்க்கவில்லை. மூக்கைச் சுருக்கினாள். துண்டைப் பிரித்தாள். பிடியை விரலால் வழித்து, மோந்து பார்த்து, அந்த விரலை என் மூக்குக்கு நேராக நீட்டினாள்.

"எத்தன நாளுங்க ஊற வெச்சீங்க?"

"எதெ?"

"என்னத்தெ எதெ. பிடியெ."

சொன்னேன். ஜாடியையும் சொன்னேன். ரத்தம் வந்ததையும், நான் என்ன நினைத்தேன் என்பதையும் சொன்னேன். கடைசியைச் சொல்லும்போது அவள் முகம் ஒரு கணம் மாறியது. என் தோளில் கை வைத்தாள். ஆறுதலுக்கு என்றுதான் நினைத்தேன். சிரிப்பில் கீழே விழாமல் இருக்கப் பிடித்திருக்கிறாள். உள்ளே இருந்த பெண்களும் சிரித்தார்கள். மாமியார் ஒருத்தர்தான் சிரிக்கவில்லை; ஒன்பது மாத வயிற்றை வைத்துக்கொண்டு இப்படிக் குலுங்குகிறாளே என்று மகளைத் திட்டிக்கொண்டிருந்தார்.

மூச்சு திரும்பினதும் அவள் சொன்னாள்:

"தாகத்துக்குத் தண்ணி குடுங்கன்னா, புடிச்சுக் கெணத்துல தள்ளி உட்டுருக்கறீங்க. கையில மிஞ்சுன எண்ணெ போதுமுங்க அதுக்கு."

பிறகு ஒரு முறம் தவிட்டையும், கிழிந்த வேட்டியையும் என் முன்னால் வைத்துவிட்டு மறுபடி கடலைக்காயிடம் போய்விட்டாள்.

நான் ஊர் திரும்பவில்லை. ஆள் அனுப்பி அம்மாவுக்குச் சொல்லிவிட்டு, மாமியார் வீட்டு மாட்டுக்கொட்டகையில் உட்கார்ந்து பிடியைத் தவிட்டில் புரட்டித் தேய்த்தேன். தவிடு எண்ணெயை உறிஞ்சிக் கட்டியாகும். உதிர்த்துவிட்டுப் புதுத் தவிடு. துணியால் இறுக்கித் துடைத்து நிழலில் சாய்த்து வைத்தால், கொஞ்ச நேரத்தில் மறுபடி வியர்த்திருக்கும். மறுபடி தவிடு. இதில் வித்தை ஒன்றுமில்லை, பொறுமைதான் வேண்டும். அதனால்தான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. மச்சினன் வந்து வந்து பார்ப்பான். இப்படியே தேய்த்தால் பிள்ளை பிறக்கும்போது கட்டிலுக்கு அடியில் ஊசிதான் வைக்க முடியும் என்பான். துண்டின் சிவப்பு போகவே இல்லை; அதைத் தலையில் கட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன்.

அந்த வாரமே ஒரு நாள் காலையில் வலி எடுத்தது. நர்ஸம்மா வந்தார், கதவு சாத்தினார்கள். ஆண்களிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை, ஒன்றும் சொல்லவில்லை. பழைய பயம் முழுசாகத் திரும்பி வந்தது. இந்தமுறை ரத்தம் இல்லை, சகுனம் இல்லை, சிரிக்க ஒன்றுமே இல்லை. கொட்டகைக்குப் போய்த் தவிட்டு முறத்தை இழுத்துப் போட்டுக்கொண்டு பிடியைத் தேய்க்கத் தொடங்கினேன். உள்ளேயிருந்து அவள் குரல் கேட்கும்போதெல்லாம் பலமாகத் தேய்த்தேன். எந்தச் சாமிக்கும் எதையும் நேரவில்லை; நேர்வதற்கு ஆடு மிச்சமில்லை.

மாமியார் கதவைத் திறந்துகொண்டு கொட்டகைக்கு வந்து கையை நீட்டினார். கொடுவாளைக் கொடுத்தேன். பிடியை அழுத்திப் பிடித்துப் பார்த்தார், கையைத் திருப்பி உள்ளங்கையைப் பார்த்தார்.

"இப்ப ஒட்டலீங்க மாப்பிள்ளை" என்று சொல்லிவிட்டு உள்ளே எடுத்துப் போனார். கதவு மறுபடி சாத்திக்கொண்டது. நான் வெறும் தவிட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

நடந்தது இவ்வளவுதான். காய்ந்த மரம் குடிக்க முடிந்ததைவிட அதிகமாக எண்ணெய் ஊற்றியிருந்தேன். காலை வெயில் பிடியைச் சூடாக்கியது. மிஞ்சின எண்ணெய் வெளியே கசிந்து, சந்தையில் வாங்கின சாயக் குங்குமத்தைக் கரைத்துக்கொண்டு இரும்பின் மேல் இறங்கியது. மதியத்துக்கு முன் பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் சௌக்கியம். தலைக்குத் தண்ணீர் ஊற்றிய அன்று, குழந்தைக்கு எண்ணெய் தேய்த்து முடித்ததும், என் மனைவி குனிந்து கட்டிலுக்கு அடியில் கையை விட்டு, கொடுவாள் பிடியை ஒரு பிடி பிடித்து, ஒரு திருகு திருகினாள்.